முதலில் சொன்னது யார்

எதிர்வீட்டு டீச்சரிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. "நாளைக்குக் குழாயில தண்ணி வராதாம் டீச்சர்" என்று சொன்னால் அவர் குடத்தைத் தேட மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இத முதல்ல சொன்னது யாரு?" என்பார். பால்காரர் என்போம். பால்காரருக்கு யார் சொன்னது? பால் சொசைட்டியில் பேசிக்கொண்டார்களாம். சொசைட்டியில் யார்? அதோடு நூல் அறுந்துபோகும். "அப்ப இது ஊரு பேரு தெரியாத செய்தி. சவத்த விடு" என்று கதவைச் சாத்திவிடுவார். மறுநாள் குழாயில் காற்றுதான் வரும். தெருவிலேயே அவர் வீட்டுக் குடங்கள் மட்டும் காலியாகக் கிடக்கும். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுத்தனுப்புவது அம்மா.

மீன் வாங்குவதும் இப்படித்தான். குளச்சலிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் அக்கா, டீச்சர் வாசல் வந்தாலே பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் வண்டியை நிறுத்துவாள். எங்கிருந்து வந்தது, எப்போது கரையேறியது, ஏலத்தில் யாரிடம் எடுத்தது, எல்லாம் சொல்லியாக வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். டீச்சர் செவுளைப் பார்த்த பிறகு மீன்காரியின் கண்ணையும் பார்ப்பார். ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்தார் போல. "கேட்டியா, வெள்ளக்காரன் கட்டமரான்னு சொல்லுகானே, அது ஒங்க கட்டுமரம்தான். ஒங்க கரையிலேருந்து எடுத்துட்டுப் போன வார்த்த" என்றார்.

"எடுத்துட்டுப் போனவன் போட்டும் டீச்சர். சாள வேணுமா வேண்டாமா?" என்றாள் அந்த அக்கா.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். ஒருபக்கம் வயலும் வாய்க்காலும், மறுபக்கம் கோயிலும் பள்ளிக்கூடமும். கோயில் என்று நாங்கள் சொல்வது எங்கள் கிறிஸ்தவ சபையின் ஆலயத்தை. இந்தப் பக்கத்திலிருந்து மாலத்தீவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். போனவர்கள் மாடி வீடு கட்டும் அளவுக்குச் சம்பாதித்துத் திரும்பினார்கள். டீச்சர் தலையணை மாதிரி ஒரு இங்கிலீஷ் அகராதியோடு திரும்பி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த அகராதியைத் தவிர அவர் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால் போதாது அவருக்கு. அது எந்த ஊரில் பிறந்தது, எந்த வாசல் வழியாக வந்தது, வருகிற வழியில் யார் யார் கைபட்டது, எல்லாம் வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் குடும்பம் விசாரிப்பதுபோல விசாரிப்பார்.

நான் நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சோதனைக் குழாயில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மறுபடியும் பெயரைப் பார்க்காமல் எதையும் தொட மாட்டேன். ஆக, சந்தேகம் எனக்கும் கூடப்பிறந்ததுதான். டீச்சர் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இங்கே போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வோம். காலையில் ஐயரம்மா ஒரு வேத வசனம் போடுவார். அதற்குக் கீழே டீச்சரின் குரல் வரும். ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அதன் அர்த்தம், அது பிறந்த இடம். முதலில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாய்க்கால் தண்ணீருக்காக எங்கள் சபையில் ஒரு வீட்டு அண்ணனும் தம்பியும் மடையில் மண்வெட்டியோடு நின்ற வாரத்தில்தான் வினை ஆரம்பித்தது.

"இன்னைக்கு வார்த்த ரைவல். போட்டிக்காரன்னு அர்த்தம். லத்தீன்ல ஓடைக்கு உள்ள வார்த்தையிலேருந்து பிறந்தது. ஒரே ஓடையில தண்ணி எடுக்கிய ரெண்டு பேரு. அவங்கதான் ரைவல்."

அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பல மாதமாக முகம் பார்க்காதவர்கள் அன்றைக்கு ஒன்றாகக் கூடிப் பேசினார்கள், டீச்சரைத் திட்டுவதற்காக.

சபைக் கமிட்டித் தேர்தல் வந்தபோது 'கேண்டிடேட்' வந்தது. பழைய ரோமாபுரியில் ஓட்டுக் கேட்டுப் போகிறவன் அங்கியில் சுண்ணாம்பு தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு போவானாம், அந்த வெள்ளையிலிருந்து வந்த பெயராம். அடுத்த ஞாயிறு எங்கள் வேட்பாளர்களில் ஒருவர் வெள்ளைச் சட்டையை விட்டுவிட்டுக் கோடுபோட்ட சட்டையில் வந்தார். ஒரு ஞானஸ்நானம் நடந்த வாரம் 'காசிப்'. வம்பு என்றுதான் நமக்குத் தெரியும். பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்பவளுடைய பழைய பெயராம் அது. பிள்ளை பெற்ற வீட்டில் கூடி உட்கார்ந்து பேசியதில் இப்படி ஆகிப்போனதாம். அந்த வாரம் ஞானத்தாயாக நின்றவள் குழுவைவிட்டே வெளியேறினாள்.

அதற்குப் பிறகு காலையில் வசனத்தை யாரும் படிப்பதில்லை. இன்றைய வார்த்தை யாருக்கு என்பதுதான் பேச்சு. நானும் விதிவிலக்கில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் செல்போனில் தேடிப் பார்ப்பேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒருநாள் நேராகவே கேட்டேன். "யாரையாவது மனசுல வச்சுத்தான் போடுகியளா டீச்சர்?"

"வார்த்தைக்குப் பிறந்த இடம்தான் மக்கா எனக்குத் தெரியும். போய்ச் சேருக இடம் தெரியாது" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் நம்பவில்லை.

அவருடைய கதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஐயர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். அந்த மௌனத்தில் யாரும் வாய் திறந்தது கிடையாது. திறப்பதெல்லாம் வெளியே, பஸ் ஸ்டாப்பில், குழாயடியில். டீச்சர் இளவயதில் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது அவருக்கு முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு பட்டுச்சேலை உடுத்திக் கோயிலில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் பெயர் வராமலே ஐயர் ஜெபத்துக்குப் போய்விட்டது தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வேண்டாமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண்ணை எவனோடோ எங்கேயோ கண்டதாக ஒரு பேச்சு. வீட்டார் அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பேச்சு யார் வாயில் பிறந்தது என்று டீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைக் கை காட்டியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. அவர் கேட்டது மூடுவதற்கு அல்ல. முதல் வாய் எது என்று தெரிந்தால் போதும் அவருக்கு. தெரியவில்லை. மாலத்தீவுக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் மட்டும் அவர் கேட்டதில்லை. அம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண், புதுப்பெண்ணுக்கு என்ன தெரியும் என்று விட்டிருப்பார் என்பது அப்பாவின் கணக்கு. அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், அவர் கணக்கெல்லாம் தூரத்திலிருந்து போடுவதுதான். நான் பார்த்த ஒன்று உண்டு. டீச்சரின் குரல் செல்போனில் வந்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பார். முடிந்ததும் திரும்பவும் ஒருமுறை போட்டுக் கேட்பார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வார்த்தையில் என்ன அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை.

என் தங்கைக்கு மயிலாடியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் துபாயில் நர்ஸ். அவனுடைய அப்பா மயிலாடியில் கல்பட்டறை வைத்திருப்பவர். அம்மி, கல்லறைச் சிலுவை, சிலை, எது கேட்டாலும் செய்து கொடுப்பார். தரகர் முதல் நாள் முதல் சொன்ன ஒரே சொல், பையன் ரொம்ப சின்சியர் என்பது. அம்மாவும் அதையே ஊர் முழுக்கச் சொன்னார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதுக்கு முந்தின நாள் காலையில் டீச்சர் குரல் வந்தது.

"இன்னைக்கு வார்த்த சின்சியர். மெழுகு இல்லாததுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல சிலை செய்யுகவன், கல்லு விரிசல் விட்டா உள்ள மெழுகு வச்சு அடைச்சு வித்திருவான். பாத்தா தெரியாது. வெயில் பட்டா உருகி விரிசல் வெளிய வரும். அதனால நல்ல கல்லு விக்கியவன் மெழுகு இல்லன்னு சொல்லி விப்பான். அதுதான் சின்சியர்."

எதற்கெடுத்தாலும் கைகூப்பும் படம் போடுகிறவர்கள்கூட அன்றைக்கு ஒன்றும் போடவில்லை. குழு அப்படியே செத்துக் கிடந்தது. செல்போன்கள் மட்டும் வீட்டுக்கு வீடு அடித்துக்கொண்டிருந்தன. சிலை, விரிசல், மெழுகு, சின்சியர். மயிலாடி மாப்பிள்ளையைத்தான் சொல்கிறார், துபாயில் ஏதோ இருக்கிறது, டீச்சர் விசாரிக்காமல் எதையும் சொல்ல மாட்டார். எதையும் நம்பாத மனுஷி என்று ஊரில் எடுத்திருந்த பெயரே அன்றைக்கு அந்தப் பேச்சுக்குச் சாட்சி ஆகிவிட்டது. மதியத்துக்குள் அது மயிலாடிக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க கல்லுல மெழுகு இருக்குன்னு ஒங்க சபையில பேச்சாம். நாளைக்கு ஒங்க கோயிலுக்கு நானே வாறேன். மூணாவது ஓலை வாசிக்கணுமா வேண்டாமான்னு அங்க வச்சு முடிவு பண்ணுவோம்."

தங்கை அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். அம்மாதான் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தார். கோபப்படவில்லை, பயந்தார். "அவ பழி வாங்குகா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எதுக்கும்மா பழி? நாம அவங்களுக்கு என்ன செஞ்சோம்?"

அம்மா கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது டீச்சரைப் பற்றித்தான் தோன்றியது.

செல்போனை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினேன். ஒரு இடத்துக்கு நாலு இடமாகப் பார்த்தேன். மெழுகுக் கதை பொய் என்று இருந்தது. லத்தீனில் சுத்தமானது, கலப்பில்லாதது என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது, சிலையும் மெழுகும் பிற்பாடு யாரோ கட்டிவிட்டது. டீச்சர் தப்பாகச் சொல்லி நான் பார்த்த முதல் வார்த்தை. அதுவும் இன்றைக்கு. வேணுமென்றே சொன்னார் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் தெருவைக் கடந்தேன்.

"இது யாருக்குச் சொன்னிய டீச்சர்?"

"என்ன மக்கா, வந்ததும் வராததுமா?"

"மயிலாடிக்காரங்களத்தான் சொன்னியன்னு ஊரே சொல்லுகு. அவங்க கல்யாணத்த நிறுத்தப் போறாங்க."

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மயிலாடின்னு யாரு சொன்னா? முதல்ல சொன்னது யாரு?"

"நீங்கதான்" என்றேன். செல்போனை அவரிடம் நீட்டினேன். "இந்த மெழுகுக் கதையே பொய்யாம். படிச்சுப் பாருங்க."

அவர் செல்போனைப் பார்க்கவில்லை. உள்ளே போய் அகராதியை எடுத்துவந்து மேசையில் வைத்துப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. அதற்குமேல் நகரவில்லை. அவருடைய முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பிரசங்கத்துல கேட்டது" என்றார். "கேட்டதும் பிடிச்சுப்போச்சு. மாலத்தீவுல எல்லா வகுப்புலயும் சொன்னேன். எல்லா வார்த்தையையும் இதுல பாத்தேன் மக்கா. இத மட்டும் பாக்கல்ல. இது பொய்யா இருக்கும்னு நினைக்க மனசு வரல்ல." அகராதியை மூடிவிட்டு, "நாளைக்கு எத்தனாவது ஓலை?" என்று கேட்டார்.

"மூணாவது."

வேறொன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். மறுப்புச் சொல்லிக் குழுவில் ஒரு வார்த்தை போடுவார் என்று அன்று முழுவதும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. என் சந்தேகம் கெட்டியானது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். உளி பிடித்த பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து இருந்தார். அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஐயர் என் தங்கையின் பெயரை வாசித்தார், மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார், தடை உண்டென்றால் சொல்லலாம் என்றார். வழக்கமான மௌனம். அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு சேலை சரசரத்தது. டீச்சர் எழுந்து நின்றார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"ஐயரே, மாப்பிள்ளைக்கும் தடை இல்ல, பெண்ணுக்கும் தடை இல்ல" என்றார். வகுப்பில் பேசுவதுபோல நிதானமான குரல். "நேத்து நான் ஒரு வார்த்தைக்குப் பிறந்த இடம் சொன்னேன். சிலையில மெழுகு வைக்கியதுன்னு. அது கட்டுக்கத. நான் சரிபாக்காம சொல்லிட்டேன். சின்சியர்னா சுத்தமானது, அவ்வளவுதான். யாரையும் நினைச்சுச் சொன்னதில்ல. மயிலாடிக்காரங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இனி யாராவது, இந்தப் பேச்ச முதல்ல சொன்னது யாருன்னு கேட்டா, நான்தான். என் பேரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உடனே உட்காரவில்லை. சபை முழுவதும் தன்னைப் பார்த்து முடிக்கட்டும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அழுகை வந்தது. ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தடை இல்லை என்று சொல்லி ஜெபத்துக்குப் போனார்.

வெளியே மாப்பிள்ளையின் அப்பா டீச்சரிடம் வந்தார். "மெழுகு வச்சா எங்க ஊரு வெயிலுக்கு அரை நாளு நிக்காது டீச்சர். நாங்க கல்லத் தட்டித்தான் பாப்போம். விரிசல்னா சத்தமே சொல்லிரும்" என்றார். டீச்சர், "அது சரியான விவரம்" என்று தலையாட்டினார். கல்யாணம் நடந்தது. தங்கை நன்றாக இருக்கிறாள்.

அன்று மதியம் அம்மா சாப்பிடவில்லை. என்னையும் உட்காரச் சொன்னார்.

"அவ ஒரு வார்த்தைக்கு எழும்பி நின்னா. நான் இத்தன வருஷம் எழும்பல்ல" என்றார்.

அந்தப் பேச்சு அம்மாவிடம் பிறந்தது. கல்யாணமான புதிதில் அப்பாவோடு திற்பரப்பு அருவிக்குப் போனபோது டீச்சர் ஒரு ஆளோடு நின்றதைப் பார்த்திருக்கிறார். "டீச்சரக்காவ திற்பரப்புல ஒரு ஆளு கூட கண்டேன்" என்று குழாயடியில் ஒருத்தியிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா அது, கூட நின்றவர் விளையாட்டு வாத்தியார், பிள்ளைகள் பாறைக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தபோது மூன்றாம் ஓலை நின்றுபோயிருந்தது. புகுந்த வீட்டில் புதுசு, வாய் திறக்கப் பயம். பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பயத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. அம்மா அடுப்படிக்குப் போய்ச் சாளைக் கறியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தெருவைக் கடந்தார். நான் பின்னால் போய் வெளிவாசலில் நின்றுகொண்டேன்.

"அக்கா, நான் ஒரு காரியம் சொல்லணும். அண்ணைக்குத் திற்பரப்புல..."

"கறி குளச்சல் மீனா?" என்றார் டீச்சர்.

"ஆமாக்கா. நான் சொல்ல வந்தது..."

"சொல்லாண்டாம்." டீச்சர் கிண்ணத்தை வாங்கவில்லை, அம்மாவின் கைமேல் கை வைத்தார். "இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் கேட்டேன். ஒன் வீட்டுல மட்டும் கேக்கல்ல, மாலத்தீவுலேருந்து வந்த பொறவும் கேக்கல்ல. ஏன்னு நினைக்க? கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா, தண்ணி வராத அண்ணைக்கு எனக்கு யாரு குடம் தருவா பிள்ள?"

அம்மா அப்படியே நின்று அழுதார். இரண்டு பேரும் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

டீச்சர் இப்போது இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது. தண்ணீர் வராது என்ற செய்தியை அவர் உண்மையிலேயே நம்பவில்லையா, அல்லது எங்கள் வீட்டுக் குடம் வரவேண்டும் என்றுதான் தன் குடங்களைக் காலியாக வைத்திருந்தாரா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நானும் கேட்கவில்லை.